தலைகீழாகவும் நிற்கலாம் ஒரு பெயர்

பத்து மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது, தண்ணீர் வந்தபாடில்லை. வந்துவிடும், வராமல் எங்கே போகும், போவதற்கு வேறு வழி இருக்கிறதா என்ன என்று செண்பகவல்லி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன மறுநிமிஷமே வேறு வழி இருக்கிறது, ஒன்றல்ல மூன்று இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. மாணிக்கன் வாய்க்கால் அவள் உட்கார்ந்திருந்த சிமெண்ட் குறுக்குச்சுவரோடு முடிகிறது. அதற்குக் கீழே கொஞ்சம் வயல், வயலுக்கு அப்பால் உப்பங்கழி, அப்புறம் கடல். கடைமடை, கடைமடை என்று மூன்று வாரமாக போனில் கேட்டுக் கேட்டு, ஏதோ பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டு வந்தால், ஒரு சுவர், ஒரு கருவேல மரம், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற வாய்க்கால் தரை, அந்த வெடிப்பில் மாட்டிக்கொண்ட ஒற்றை ரப்பர் செருப்பு. நீல நிறம், இடது கால். காலை ஆறு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் மேற்கே தலைமதகில் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள். காய்ந்த தரையில் தண்ணீர் ஓடாது, நடக்கும், அதுவும் ஒவ்வொரு வெடிப்புக்கும் குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் நடக்கும். பதினொன்று வாக்கில் இங்கே வரவேண்டும். பன்னிரண்டுக்கு முறை முடிந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அதற்குள் வந்தால் உத்திராபதிக்கு வேலை இருக்கும். வராவிட்டால் இருக்காது. அவ்வளவுதான் விஷயம். மதகு திறந்து மூடுகிற தற்காலிகப் பணியாளர் அவர், ஐம்பது வயது, வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள். அந்த மனுஷனின் வேலை இப்படி அந்தரத்தில் தொங்குவதற்குக் காரணம் இந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிற செண்பகவல்லிதான் என்று எட்டு நாளைக்கு முன்பு வரை அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

வரைபடத்தில் பெயர்களை உட்கார வைப்பது அவள் வேலை. திருச்சியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அதற்கென்று பதினாலு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னால் கோவில்பட்டியில் அம்மா நம்பவில்லை. “பேரு வைக்கிற வேலையா?” “இல்லம்மா, வச்ச பேரை எங்க உக்கார வைக்கிறதுங்கிற வேலை.” “அதுக்கா சம்பளம் தாராக?” அம்மாவுக்குப் புரியவைக்க ஒரே வழி கல்யாணப் பந்தி. இடம் கொஞ்சம், ஆள் நிறைய. தாய்மாமன் முன்வரிசையில் இருக்கவேண்டும், அவருக்குப் பக்கத்தில் அவரோடு பேசாத சித்தப்பா இருக்கக்கூடாது, இரண்டு பேருக்கு ஒரே இலை விழுந்தால் சின்னவர் எழுந்து அடுத்த பந்திக்குப் போகவேண்டும். வரைபடத்திலும் அப்படித்தான். இரண்டு பெயர் முட்டிக்கொண்டால் சின்னப் பெயர் மறைந்துவிடும், சத்தமில்லாமல், சாப்பிடாமலே போய்விடுகிற மனுஷர்களைப் போல. அம்மா உடனே பிடித்துக்கொண்டாள், “அப்ப நீ அங்கயும் பந்தி விசாரிக்கத்தான் போயிருக்க” என்றாள், அதிலிருந்து ஊரில் யார் கேட்டாலும் அதையேதான் சொல்லுகிறாள். சொல்லட்டும், தப்பில்லை. பந்தி விசாரிப்பதில் அவள் கெட்டிக்காரி என்று அலுவலகமே சொன்னது, கேக் வெட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை ஆறும் வாய்க்காலும் ரோடும் வளைகிறபடியே பெயரையும் வளைத்துப் போடும்போது தமிழ் எழுத்துகள் சிதறிக்கொண்டிருந்தன. கொம்பு ஒரு பக்கம் சாயும், கால் ஒரு பக்கம் விழும், புள்ளி தனியாகப் பறந்துபோய் யாரோ ஒருவர் வயலில் உட்காரும். யாருக்கும் உறுத்தவில்லை, அவளுக்கு உறுத்தியது. தமிழ்ப் பெயர் இனிமேல் வளையாது, நிமிர்ந்தே நிற்கும், அடியில் வரைபடம் எப்படித் திரும்பினாலும் பெயர் மட்டும் பார்க்கிறவர் முகத்துக்கு நேராக நிற்கும் என்று அவள் ஒரு விதி எழுதினாள். எழுத்துகள் பிழைத்தன. ஜோயல், அதாவது குழுத் தலைவர், கேக்கின் முதல் துண்டை அவளுக்குக் கொடுத்து, “வல்லி, தமிழைக் காப்பாத்திட்ட” என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அன்றைக்கு அறைக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள், உண்மையாகவே காப்பாற்றினவள் மாதிரிதான் இருந்தது. அந்த விதிதான் உத்திராபதியைக் கவிழ்த்தது. நினைக்கும்போதெல்லாம் கேக்கின் வெண்ணெய் வாடை தொண்டையில் வந்து நிற்கிறது, அதற்கப்புறம் யார் பிறந்தநாளுக்கும் அவள் கேக் சாப்பிடவில்லை.

“என்ன பொண்ணு, வாய்க்கால மொறச்சுப் பாத்தா தண்ணி வந்துருமா?” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. தையல்நாயகி. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதல் வயல் இவளுடையது. நாற்றங்கால் விட்டு ஒன்பது நாள், நுனி பழுக்க ஆரம்பித்துவிட்டது, காலையிலிருந்து வரப்புக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். தலையில் துண்டு, மடியில் வெள்ளரிப் பிஞ்சு. “வந்துரும்க்கா, பதினோரு மணிக்குள்ள வந்துரும்.” “போன மொறையுந்தான் வந்துரும் வந்துரும்னாங்க. தலைமதவுலேர்ந்து புங்கன் வாய்க்காலும் இதுவும் ஒண்ணா ஒட்டிக்கிட்டுத்தான வருது. இத தொறக்கச் சொன்னா அத தொறந்து வுட்டுட்டான் புண்ணியவான். புங்கனுக்குப் போயி தென்னந்தோப்புல நின்னுச்சு தண்ணி, முட்டிக்கால் ஒசரம். எனக்கு நாத்து காஞ்சுது. இது ரெண்டாவது வெத, தெரியுமா ஒனக்கு?” தெரியும். ஒவ்வொரு கிலோவும் தெரியும். “அவன கேட்டா மேப்புல அப்படித்தான் போட்டுருக்குங்குறான். எந்தக் கூறுகெட்டவன் எழுதுனானோ அந்தப் பேர!” செண்பகவல்லி செருப்பைப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். இவளுக்கு எப்படித் தெரியப்போகிறது, தண்ணீர் வந்ததும் பஸ் பிடித்துப் போய்விடலாம், கேட்டால் கூறுகெட்டவன்தான் என்று ஒத்துப்பாடியும் விடலாம். ஒருமுறை ஒப்புக்கொண்டாயிற்று, கடமை முடிந்தது, ஒவ்வொரு வரப்பிலும் போய் ஒப்புக்கொள்ள வேண்டுமா. “நாந்தான்க்கா எழுதுனேன்” என்று வாய் சொல்லிவிட்டது. தையல்நாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள், சுடிதாரை, முதுகுப்பையை, கையில் இருந்த போனை. திட்டுவாள் என்று செண்பகவல்லி தோளைக் குறுக்கிக்கொண்டாள். “அதான் பஸ்ஸு புடிச்சு வந்து வெயில்ல ஒக்காந்துருக்கியா” என்று சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்துப் பாதியாக ஒடித்து நீட்டினாள். “தின்னு. தண்ணி வரலைன்னு வச்சுக்க, மீதிக்கும் சேத்துத் திட்டுறேன்.” பிஞ்சு லேசாகக் கசந்தது. அதையும் தின்றாள், கசப்பு பிடித்திருந்தது, திட்டு வாங்காமல் ஒடித்துக் கொடுக்கப்பட்ட பிஞ்சு அது.

திறந்தவர் மேல் தப்பில்லை. உத்திராபதி வெண்ணாற்றுப் பக்கத்துக்காரர், இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, எந்த வாய்க்கால் எது என்று தெரியாது, அதற்குத்தான் கையில் போனும் போனில் வரைபடமும் கொடுத்தார்கள். அவர் தலைமதகில் நின்று டெல்டாவில் பிறந்த எவரும் செய்வதைச் செய்தார். போனைத் திருப்பி மேற்கை மேலே வைத்துக்கொண்டார். இந்தச் சீமையில் மேற்கு என்றால் மேலே, கிழக்கு என்றால் கீழே. தண்ணீர் மேலேயிருந்து வருகிறது, கீழே போகிறது, அப்புறம் வரைபடத்தில் மட்டும் எதற்கு வடக்கு மேலே இருக்கவேண்டும்? கோவில்பட்டியில் தண்ணீர் லாரியில் வரும், லாரிக்குத் திசை கிடையாது. செண்பகவல்லியின் திரையில் வடக்கு எப்போதும் மேலே, ஆணியடித்த மாதிரி. அதில் இரண்டு வாய்க்காலும் படுக்கைவசத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின, கீழே இருந்த கோட்டின் தலைமேல் மாணிக்கன் வாய்க்கால் என்ற பெயர் அழகாக உட்கார்ந்திருந்தது. உத்திராபதி திருப்பினார். கோடுகள் இரண்டும் எழுந்து நின்றன, பக்கத்தில் பக்கத்தில். பெயர் மட்டும் எழவில்லை, அவள் விதிப்படி அவர் முகத்துக்கு நேராகவே நின்றது, குறுக்காக நீண்டு அடுத்த கோட்டின் மேல் போய் விழுந்தது. அங்கே ஏற்கனவே இருந்த புங்கன் என்ற பெயர் முட்டிக்கொண்டு மறைந்துவிட்டது. இப்போது புங்கன் வாய்க்காலின் மடியில் மாணிக்கன் என்று கொட்டை எழுத்தில், ஒரு கொம்பு சாயாமல், ஒரு புள்ளி பறக்காமல். படிக்கத் தெரிந்த எவனும் அதைத்தான் திறப்பான். படிக்கத் தெரிந்ததுதான் அவர் செய்த குற்றம். வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று கேட்டுப் பிரிவு அலுவலகத்திலிருந்து அவருக்கு மெமோ போயிற்று. வரைபடத்தில் கோளாறு இருக்கிறதா என்று அவளுடைய நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. ஜோயல் தன் கணினியில் திறந்து பார்த்தார், வடக்கு மேலே இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது, கோளாறு இல்லை என்று பதில் எழுதிவிட்டார். அவளும் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது, தேநீர் குடிக்கப் போனாள். தேநீர்க்கடையில் பக்கத்தில் நின்ற ஒருவர் யாருக்கோ வழி சொல்ல போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் திருப்பினார். அவள் அந்தக் கண்ணாடித் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு மூன்று மாடியும் ஓடி ஏறினாள். திருப்பினாள். பெயர் எழுந்து போய் அடுத்தவன் மடியில் உட்கார்ந்தது. மறுபடி வடக்கை மேலே கொண்டுவந்தாள். சரியாக இருந்தது. மறுபடி திருப்பினாள். ஏழெட்டுத் தடவை திருப்பியிருப்பாள், ஒரு தடவையாவது அது தன் இடத்தில் நிற்காதா என்று.

பிரிவு அலுவலகப் பொறியாளரோடு நடந்த கூட்டத்தில், எல்லாரும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்த கூட்டத்தில், “இது என் தப்பு சார், அவர் தப்பு இல்ல” என்று அவள் சொன்னபோது ஜோயலின் கட்டத்தில் ஜோயல் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நிமிஷம் கழித்து செய்தி அனுப்பினார்: ‘இதை ஏன் சொன்ன?’ ‘தெரியலை’ என்று பதில் போட்டாள். பொய், தெரியும். மெமோவின் நகலை ஒருமுறை திரையில் காட்டினார்கள், அதில் உத்திராபதி த/பெ கலியமூர்த்தி என்று இருந்தது, அந்தப் பெயர் நிற்கக்கூடாத இடத்தில் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது, அவள் கண் அப்படிப் பழகிவிட்டது. சொன்னதற்கு மறுநாள் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “நீங்கதான் அந்தப் பேர எழுதுன மேடமா? நான் உத்திராபதி பேசுறேன்.” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “ஒண்ணுமில்ல, எம் பொண்டாட்டிக்கூட நம்பலிங்க நான் மேப்ப பாத்துத்தான் தொறந்தேன்னு. இப்ப நம்பிட்டா. அத சொல்லத்தான் கூப்டேன்.” வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வேலை செய்ய வந்தது, அதற்கு முன்பு எட்டு மணி நேரம் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் இனிமேல் வாய்க்காலுக்குள்ளேயே படுக்கும். இரண்டு கரைக்கும் நடுவில், முதல் எழுத்து தலைமதகுப் பக்கம், கடைசி எழுத்து கடைமடைப் பக்கம், தண்ணீர் போகிறபடியே, நீண்ட வாய்க்கால் என்றால் அதே பெயர் மதகுக்கு மதகு திரும்பவும் வரும். எழுத்து சிதறாமலிருக்க ஒவ்வொரு எழுத்தையும் அதன் கொம்பு, கால், புள்ளியோடு சேர்த்துக் கட்டி ஒரே துண்டாக வைக்கவேண்டும், கையால்தான் வைக்கவேண்டும். நாற்பத்தோரு வாய்க்கால், ஏழு நாள். யாரும் எப்படித் திருப்பினாலும் பெயர் எழுந்திருக்காது, புரளாது, அடுத்தவன் வீட்டுக்குப் போகாது. “அப்ப போனைத் தலைகீழா புடிச்சா?” என்றார் ஜோயல். “தலைகீழா தெரியும்.” “வல்லி, வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குச் சொல்லித்தர்ற முதல் விதியே அதுதான். பேரு தலைகீழா நிக்கக்கூடாது. பாக்குறவன் சிரிப்பான்.” “சிரிச்சுட்டு சரியான மதகைத் திறப்பான் சார்.” இப்படி ஒரு பதில் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஜோயலும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஒரு வாய்ப்புதான்” என்றார். பொறியாளரும் அதையேதான் சொன்னார், ஆனால் வேறு மாதிரி. உத்திராபதி திறந்தால் கணக்கில்லை, அவருக்கு இப்போது எது எது என்று தெரிந்துவிட்டது. நானும் இந்தப் பிரிவுக்குப் புதுசுதான், தர்மபுரிக்காரன், ஒரு வாய்க்காலும் தெரியாது, நானே வரைபடத்தைப் பார்த்துத் திறக்கிறேன், உத்திராபதி பைக் ஓட்டட்டும், வாயைத் திறக்கக்கூடாது. தண்ணீர் கடைமடைக்குப் போனால் மெமோ ரத்து. போகாவிட்டால் மெமோவும் நிற்கும், உங்கள் வரைபடமும் வேண்டாம்.

மூன்று இடத்தில் தவறலாம். தலைமதகு, அது தாண்டியாயிற்று. ஆறரைக்கு உத்திராபதியிடமிருந்து மிஸ்டு கால், ஒன்று என்றால் சரி என்று பேச்சு. தலைமதகிலேயே அந்த மனுஷனுக்கு எத்தனை தவிப்பு இருந்திருக்கும், வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது. இரண்டாவது, சுடுகாட்டுப் பிரிவு, எட்டரைக்கு ஒரு மிஸ்டு கால், சரி. மூன்றாவது அழைப்பு ஒன்பதே முக்காலுக்கு வந்திருக்கவேண்டும், மணி இப்போது பத்து இருபது. மூன்றாவது வளைவு. அதைப்பற்றி நினைக்கவேண்டாம் என்றுதான் காலையிலிருந்து பந்தியையும் கேக்கையும் செருப்பையும் நினைத்துக்கொண்டிருந்தாள், எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் மாணிக்கன் வாய்க்கால் சட்டென்று தெற்கே திரும்புகிறது, ஒரு கிளை நேராகப் போகிறது. பெயரை அங்கே படுக்க வைத்தபோது கடைசி எழுத்து வளைவில் திரும்பமாட்டாமல் நேரே கிளையின் வாய்க்குள் காலை நீட்டியது. அவள் பெயரைக் கொஞ்சம் கீழே தள்ளினாள், ‘மாணிக்கன்’ வளைவுக்கு முன்னால், ‘வாய்க்கால்’ வளைவுக்குப் பின்னால், இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வளைவு விழும்படி. எவ்வளவு நேர்த்தியாக இருந்தது. தள்ளினாள், பார்த்தாள், அப்போது ஜோயல் கூப்பிட்டார். கூப்பிட்டது சேமிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? கை விசைப்பலகையில் இருந்தது. இடது சுண்டுவிரல் ஓரத்து விசையில் இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்த ஞாபகம் அந்தத் தடவையுடையதா, அதற்கு முன்னால் ஆயிரம் தடவை சேமித்ததில் ஏதோ ஒன்றினுடையதா? சுண்டுவிரலுக்குத் தேதி தெரியாது. ஜோயல் வந்து நின்றார், மின்விசிறி ஓடியது, அவர் சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாக இருந்தது, இவ்வளவும் தெரிகிறது, விரல் அழுத்தியதா என்பது மட்டும் தெரியவில்லை. போனைத் திறந்து பார்க்கலாம், வரைபடம் அதில்தான் இருக்கிறது, அரை நிமிஷ வேலை. பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் காலையிலிருந்து பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் பாதி சரி. பார்த்துச் சரியில்லை என்றால் இங்கிருந்து என்ன செய்யமுடியும், ஓடிப்போய்ப் பொறியாளர் காதில் சொல்லமுடியுமா? தையல்நாயகி நாற்றங்கால் ஓரம் குனிந்து ஒரு பயிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை. செண்பகவல்லி போனைத் திறந்தாள். விரல் வேர்த்திருந்தது, இரண்டு தடவை துடைத்தாள். வளைவு வந்தது. மாணிக்கன் வாய்க்கால் என்ற பெயர் முழுசாக வளைவுக்கு முன்னாலேயே படுத்திருந்தது, கடைசி ‘ல்’ நேராகக் கிளையின் வாய்க்குள் காலை நீட்டிக்கொண்டு, அவள் முதலில் வைத்த அதே இடத்தில். சேமிக்கவில்லை. ஜோயல் முன்னால் கூப்பிட்டிருக்கிறார்.

ஒரே எழுத்து. ஒரு எழுத்துக்காக ஒருவர் வேலை போகும், இரண்டு பிள்ளைகள் படிக்கிற படிப்பு, இரண்டாவது விதை, பாதி ஒடித்துக் கொடுத்த பிஞ்சு. மெமோவில் அந்தப் பெயர் இனிமேல் நிரந்தரமாக நிற்கும், அவள்தான் போய் உட்கார வைத்தாள், இரண்டாம் முறையாக. எழுந்து நடந்துவிடவேண்டும் போலிருந்தது, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை, மேலேயா கீழேயா. அப்போது போன் அடித்தது. மிஸ்டு கால் இல்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். “தங்கச்சி” என்றார் உத்திராபதி, மேடம் இல்லை, “ஒரு நிமிசம், சாரு பேசுறாரு.” பொறியாளரின் குரல். “ஏம்மா, மூணாவது வளைவுல ஒரு எழுத்து தனியா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, கவனிச்சீங்களா?” “கவனிச்சேன் சார்.” “அதுல இருபது நிமிஷம் போச்சு எனக்கு. கிளையைத் திறக்கச் சொல்லுதோன்னு நினைச்சேன். ஷட்டர்ல கைகூட வச்சுட்டேன், இவர் பாவம் மூச்சே விடல. அப்புறம் மத்த ரெண்டு மதகையும் நினைச்சுப் பார்த்தேன். எல்லா இடத்துலயும் பேரு ஆரம்பிக்கிற பக்கமிருந்து முடியிற பக்கம்தானே தண்ணி போச்சு? அப்ப இங்க ஒரு பேரு முடியுதுன்னா அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். பாத்தேன், வளைவு தாண்டித் தெற்குல ‘மா’ன்னு ஆரம்பிக்குது. போனைத் தலைகீழாதான் புடிச்சிருந்தேன், அப்பவும் தெரிஞ்சுது. தெற்குல திறந்துட்டேன். சரிதானே?” அவள் சுவரின் மேல் எழுந்து நின்றாள். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தண்ணீர் போகிற பக்கம்தான் பெயர் படிக்கும் என்று அவள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, வரைபடம் தானே சொல்லிக்கொடுத்திருக்கிறது, முதல் மதகில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் அவள் கைதவறிய இடத்தில் முழுசாக. சேமிக்காத விரலையும் அது சேர்த்துக் காப்பாற்றிவிட்டது. “சரி சார்” என்றாள். அப்புறம் இன்னொரு தடவை, “சரி சார்! ரொம்பச் சரி சார்!” என்று கத்தினாள், பொறியாளர் போனைக் காதிலிருந்து எடுத்திருப்பார். சந்தோஷம் கால் வழியாக வந்தது, நிற்கமுடியவில்லை. நாற்பத்தோரு வாய்க்காலும் இந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்தன, நாற்பத்தோரு பெயரும் தத்தம் வீட்டில், தத்தம் கரைக்குள், படுத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும் தலைகீழாகவும்.

“கொக்கு எந்திரிச்சிட்டுது” என்றாள் தையல்நாயகி. மேற்கே வாய்க்காலின் மேல் வெள்ளையாக ஏழெட்டு, கொஞ்சம் பறந்து இறங்கி, கொஞ்சம் பறந்து இறங்கி, இவர்கள் பக்கமாகவே வந்துகொண்டிருந்தன. தண்ணீர் நுனிக்கு முன்னால் வெடிப்பிலிருந்து பூச்சிகள் கிளம்பும், கொக்கு அதற்குத்தான் வருகிறது, கொக்கு வந்தால் பின்னால் தண்ணீர் என்று தையல்நாயகி சொல்லிக்கொண்டே வரப்பில் ஓடினாள். மணி பத்து ஐம்பது. முதலில் சத்தம்தான் வந்தது, சருகு உரசுகிற சத்தம், பிறகு நுரை, பிறகு காட்டாமணக்கு இலையும் குச்சியும் எறும்பும் தள்ளிக்கொண்டு காவி நிறத்தில் ஒரு நாக்கு. ஒரு வெடிப்பில் இறங்கிக் காணாமல் போயிற்று. நிரம்பி எழுந்து அடுத்ததற்குப் போயிற்று. நீலச் செருப்பு அசைந்தது, ஒருமுறை தயங்கியது, மிதந்தது. “வந்துருச்சு!” என்று கத்தினாள் செண்பகவல்லி, ஊர்ப்பேச்சில், கோவில்பட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, “அக்கா, வந்துருச்சு!” “கண்ணு தெரியுது, நானுந்தான் பாக்குறேன்” என்றாள் தையல்நாயகி, ஆனால் மடையை வெட்டிவிட்டு வந்து அவள் கையை ஈரக்கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. “அது சரி, எங் கொல்லைக்கு ஒரு பேரு போட அதுல எடம் இருக்கா?” “இருக்குக்கா. நிமிந்து நிக்காது, படுத்துத்தான் கெடக்கும்.” “கெடக்கட்டும், அதது எடத்துல கெடக்கட்டும்.”

பைக் வாய்க்கால் கரையோடு தண்ணீரின் வேகத்திலேயே வந்தது. ஓட்டினவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார், மீசை நரைத்திருந்தது. உத்திராபதியை அவள் அப்போதுதான் பார்க்கிறாள், குரலை வைத்துக் குள்ளமான ஆள் என்று நினைத்திருந்தாள். அவர் இறங்கிவந்து அவளைப் பார்க்காமல் முதலில் தண்ணீரைப் பார்த்தார், குறுக்குச்சுவரில் அது மோதித் திரும்பி வயலுக்குள் இறங்குகிற வரைக்கும் பார்த்தார். பிறகு அவளிடம், “நாக்கக் கடிச்சுக் கடிச்சு ரத்தமே வந்துட்டுது தங்கச்சி” என்று நாக்கை நீட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்த பொறியாளர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மெமோவை எடுத்தார், பைக் சீட்டின் மேல் விரித்தார், பேனாவைத் திறந்து குறுக்கே பெரிதாக ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் எந்தப் பக்கம் மேலே என்று பார்க்காமல் விரித்துவிட்டார், தட்டச்சு எழுத்துகளுக்கு அது தலைகீழாக விழுந்திருந்தது. “அடடா” என்றார். உத்திராபதி காகிதத்தை வாங்கி ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் தெரியுது சார், இருக்கட்டும்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.